தப்பான கட்டளைக்கு உடனே பதில்

1

புதன்கிழமை பிற்பகல், மூன்றாம் மாடியில் இருந்தவர்கள்:

தாக் இன்சுக். இரும்புச் சட்டங்களுக்குப் பட்டறை வரைபடம் போடுகிறவள். ஐம்பதைத் தொடப்போகிறாள்.

பியோ தோங்குன். அடுத்த மேசையில் அதே வேலை செய்கிறவன். நவம்பரில் கல்யாணம்.

மா சாங்சிக். முதலாளி. இன்சுக்கின் நாற்காலிக்குப் பின்னால் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார்.

கணினி பழுது பார்க்க வந்த ஆள். (இவரை வைத்துக்கொள்வதா என்று இன்னும் முடிவு செய்யவில்லை.)

நான் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்தக் கட்டடத்தின் தரைத்தளத்தில் சுருள்வில் செய்யும் ஆலை, அதில் எனக்கு இரவு வேலை. தங்கும் அறையில் இருக்கப் பிடிக்காமல் சாயங்காலமே வந்துவிடுவேன். படிக்கட்டுத் திருப்பத்தில் ஒரு காபி இயந்திரம். மேலேயிருந்து வேலை முடிந்து இறங்குகிறவர்களும் கீழே வேலைக்கு வந்தவர்களும் அங்கேதான் நிற்போம். இன்சுக்கும் நிற்பாள். இந்தக் கதை அந்த இடத்தில், காகிதக் கோப்பை சூடு ஆறும் நேரங்களில், துண்டு துண்டாக எனக்குக் கிடைத்தது.

அவள் பேசியது கொரிய மொழி, அதிலும் பூசான் பேச்சு. வால் வெட்டியதுபோல முடியும், கோபமில்லாதபோதும் கோபம்போலக் கேட்கும். என் காதில் அது எங்கள் மதுரைப் பக்கத்துப் பேச்சாகத்தான் விழுந்தது. அப்படியே எழுதுகிறேன்.

இன்னொன்று. வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவள் கதையைப் பாதியில் நிறுத்திவிட்டு மேலே போனாள். இந்தக் கதையும் அங்கேதான் நிற்கும். கடைசிவரை வந்துவிட்டு ஏமாற்றிவிட்டான் என்று சொல்லாதீர்கள்.

2

முதல் தொடக்கம்: “மழைக்காலம் முடிந்த வாரத்தில் இன்சுக்கின் கணினி மெதுவாக ஓடத் தொடங்கியது.”

விட்டுவிட்டேன். எப்போது தொடங்கியது என்று அவளுக்கே தெரியாது. நின்றுபோனால் நாள் சொல்லலாம். மெதுவானதற்கு நாள் சொல்ல முடியாது. ஒருநாள் திரும்பிப் பார்க்கும்போது ஏற்கெனவே மெதுவாக இருக்கிறது, அவ்வளவுதான்.

இரண்டாவது: “திரையில் ஒரு கோடு வருவதற்கு எவ்வளவு நேரம்”

கேள்வியில் தொடங்குவது மலிவான தந்திரம். வேண்டாம்.

மூன்றாவது, வைத்துக்கொண்டது:

“ஆர்டர் பாதியாப் போச்சு,” என்றார் முதலாளி மா. பன்றிக்கறிச் சூப்புக் கடையில், மூன்று பேருக்கும் கிண்ணம் வந்த பிறகு. “சுசோக் பண்டிகை லீவு முடிஞ்சு வரும்போது நம்ம ஆபீசுல ஒரு நாற்காலிதான் இருக்கும். யாருதுன்னு லீவு விடுற வெள்ளிக்கிழம சாயங்காலம் சொல்றேன். சாப்பிடுங்க, ஆறுது.”

இன்சுக் சாப்பிட்டாள். தோங்குனும் சாப்பிட்டான். யாரும் எதுவும் கேட்கவில்லை. கூனி இறால் கிண்ணத்தைத் தோங்குன் அவள் பக்கம் தள்ளி வைத்தான். வழக்கமாகச் செய்வதுதான். 

அவளுக்கு இந்த நாற்காலி போனால் வேறு நாற்காலி கிடையாது. எங்கள் கட்டடம் இருக்கும் சாசாங் தொழிற்பேட்டையில் ஐம்பது வயதுப் பெண்ணை வரைபடம் போட யாரும் எடுப்பதில்லை. அவளுடைய தங்கை மீனை அரைத்து வில்லை போடும் ஆலையில் நிற்கிறாள். நாள் முழுக்க ஐஸ் தண்ணீரில் கை. “அங்க ஆள் எடுக்கறாங்கக்கா,” என்று போனில் சொல்லிவிட்டாள். அதை நல்ல செய்திபோலச் சொன்னாள்.

தோங்குனின் கல்யாணப் பத்திரிகை இன்சுக்கின் மேசை இழுப்பறையில் இருக்கிறது. முதல் பத்திரிகை அவளுக்குத்தான் கொடுத்தான்.

3

அவள் வேலை செய்யும் விதத்தைச் சொல்ல வேண்டும். (இங்கே கதை கொஞ்சம் நிற்கும். பொறுத்துக்கொள்ளுங்கள்.)

வலது கை மவுஸில். இடது கை கீபோர்டில். ஒவ்வொரு வேலைக்கும் ஓரெழுத்தோ ஈரெழுத்தோ கட்டளை. கோடு ஒன்று, வட்டம் ஒன்று, நகல் ஒன்று, அழிப்பது ஒன்று. வெறும் என்டரைத் தட்டினால் கடைசியாகச் செய்ததையே மறுபடி செய்யும். எந்த எழுத்து எதற்கு என்று கேட்டால் இன்சுக்குக்குச் சொல்லத் தெரியாது, விரலைப் பார்த்துத்தான் சொல்வாள். இந்த எழுத்துகளை ஆளாளுக்குத் தங்கள் வசதிப்படி அமைத்துக்கொள்வார்கள். அதனால் ஒருவர் கணினியில் இன்னொருவர் உட்கார முடியாது.

இப்போது, அவள் தட்டுகிறாள், விரல் அடுத்த வேலைக்குப் போய்விடுகிறது, கோடு வரவில்லை. விழவில்லை போலிருக்கிறது என்று மறுபடி தட்டுகிறாள். முதல் கோடும் வருகிறது, இரண்டாவதும் வருகிறது, ஒன்றின்மேல் ஒன்று. கண்ணுக்கு ஒரே கோடுதான். பட்டறையில் தகடு வெட்டும் இயந்திரத்துக்கு அது இரண்டு கோடு. போன வாரம் ஒரு தகடு அப்படித்தான் கருகிப் போனது.

வெளிநாட்டுக்குப் போன் பேசும்போது குரல் தாமதமாகப் போய் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பேசிவிட்டு, ஒரே நேரத்தில் வாயை மூடுவோமே, அதுபோல. கொஞ்ச நாளில் அவளுக்கு விரல்மேலேயே சந்தேகம் வந்தது. தட்டினேனா? தட்டியதாக நினைத்துக்கொண்டேனா? வீட்டில் விளக்கு சுவிட்சைத் தட்டிவிட்டு எரிகிறதா என்று நின்று பார்க்க ஆரம்பித்தாள்.

செய்து பார்த்தவை: வரைபடத்துக்குள் பழைய வேலைகளிலிருந்து ஒட்டிக்கொண்டு வந்த குப்பையைக் கழித்தாள். புது வெற்றுத்தாள் திறந்து அதில் கோடுகளை மட்டும் நகர்த்தினாள். இல்லாத எழுத்துருக்களை மென்பொருள் தேடிக்கொண்டிருந்தது, அதை நிறுத்தினாள். எடைக்குப் போட்டுவிட்ட பிரிண்டர் ஒன்று இன்னும் முதல் பிரிண்டராகப் பதிந்திருந்தது. ஃபைலைத் திறக்கும்போதெல்லாம் கணினி அதைக் கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்திருக்கிறது. அதைக் கண்டுபிடித்த அன்று என்னிடம் சிரித்துக்கொண்டே சொன்னாள். “இரும்புக் கடையில கெடக்குற பிரிண்டரைப் போய்த் தேடிட்டு வருது, லூசு.” அதைச் சரிசெய்ததும் ஃபைல் சீக்கிரம் திறந்தது. கோடு அதே தாமதத்தில்தான் வந்தது.

மறுநாள் அவள் சிரிக்கவில்லை.

* பழுது பார்க்கிறவர் வந்தார், மூடியைக் கழற்றினார், தூசியை ஊதினார், “மெமரி போடணும்” என்றார். போட்டார். ஒன்றும் மாறவில்லை. இந்தக் கதையில் அவருக்கு வேறு வேலை இல்லை. போகலாம். புதன்கிழமை அறையில் இனி மூன்று பேர்தான்.

4

“ஏம்மா, தூங்குதா அது?”

முதலாளி பின்னால் நிற்கிறார். பின்கழுத்தில் அவர் மூச்சு. காலையில் குடித்த ஜின்செங் சாற்றின் வாடை.

“மிஷின் மெதுவாருக்கு முதலாளி.”

“தோங்குன் மிஷினும் அதே நாள்ல, அதே கடையில வாங்குனதுதான?”

“ஆமா.”

“அது மட்டும் ஓடுதே.”

“அதான் எனக்கும் தெரியல.”

“சரி, அவன் சீட்ல உக்காரு. போட்டுக் காட்டு. மிஷினா ஆளான்னு பாத்துருவோம்.”

தோங்குன் எழுந்தான். “முதலாளி, அக்காவுக்கு என் எழுத்தெல்லாம் பழக்கமில்ல...”

“கோடு போடத் தெரியுமா தெரியாதா?”

இன்சுக் உட்கார்ந்தாள். நாற்காலி உயரம் வேறு. விரல் தானாக நகல் எடுக்கும் எழுத்தைத் தட்டியது. தோங்குனின் கணினியில் அது அழிக்கும் எழுத்து. ஒரு உத்தரம் முழுக்க, ஓட்டைகள் அளவுகள் எல்லாவற்றோடும், திரையிலிருந்து மறைந்தது. உடனே மறைந்தது. துளி தாமதமில்லை.

தோங்குன் குனிந்து ஒரு விசையை அழுத்தி உத்தரத்தைத் திரும்பக் கொண்டுவந்தான். 

முதலாளி உச்சுக்கொட்டினார். “ஒரு கட்டளைக்கு நீ எம்புட்டு நேரம் எடுக்கறேன்னு எனக்குத் தெரியும் இன்சுக். சும்மா மிஷின் மேல பழி போடாத. நாந்தான் கணக்கு வச்சிருக்கேன்ல.”

“என்ன கணக்கு?”

அவர் தன் கண்ணாடி அறைக்குப் போய்விட்டார்.

(இந்த இடத்தில் முதல் பிரதியில் அவள் கண் கலங்கியதாக எழுதியிருந்தேன். பொய். அவள் கலங்கவில்லை. கழிப்பறைக்குப் போய்க் கை கழுவினாள். ஈரக் கையோடு படியிறங்கி, அன்று முன்னதாகவே வந்திருந்த என்னிடம், “எனக்கு என்னமோ ஆயிருச்சு போல, மூளையில” என்றாள். அதுதான் நடந்தது.)

5

வியாழக்கிழமை.

இங்கே வரைபடம் போடுகிறவர்கள் எல்லோரும் தினமும் செய்யும் தப்பு ஒன்று உண்டு. மென்பொருளுக்குக் கட்டளை ஆங்கில எழுத்தில். பாகங்களின் பெயர், குறிப்பு எல்லாம் கொரிய எழுத்தில். மொழியை மாற்றும் விசை கட்டைவிரலுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. குறிப்பு எழுதிவிட்டு அதைத் திருப்பி அழுத்த மறந்துபோவார்கள். அடுத்த கட்டளை கொரிய எழுத்தாக விழும். மென்பொருள் விழிக்கும்: அப்படி ஒரு கட்டளை இல்லை. இவர்கள் திட்டிக்கொண்டே விசையை அழுத்திவிட்டு மறுபடி தட்டுவார்கள்.

இன்சுக்கும் மறந்தாள். தட்டினாள். அப்படி ஒரு கட்டளை இல்லை.

திட்ட வாயெடுத்தவள் நிறுத்திக்கொண்டாள். பதில் உடனே வந்திருந்தது.

மறுபடி அதே தப்பைத் தட்டினாள். உடனே: இல்லை. விசையை மாற்றிச் சரியான எழுத்தைத் தட்டினாள். காத்திருப்பு. கோடு. மறுபடி தப்பு. உடனே. மறுபடி சரி. காத்திருப்பு. தப்பு, உடனே. தப்பு, உடனே. சரி...

“என்னக்கா, பியானோ வாசிக்கிறீங்களா?” என்றான் தோங்குன், திரையிலிருந்து கண்ணெடுக்காமல்.

“கை விறைச்சுப் போச்சுடா. ஏசியக் குறை.”

கை விறைக்கவில்லை, வியர்த்திருந்தது. கணினி மெதுவாக இல்லை. தப்பாகக் கேட்டால் பட்டென்று பதில் சொல்கிற ஒன்று எப்படி மெதுவாக இருக்கும்? சரியாகக் கேட்கும்போது மட்டும் அது எங்கோ போய்விட்டு வருகிறது. யாரிடமோ ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வருகிறது.

காலை மேசைக்கு அடியில் நீட்டினாள். செருப்பு முனையால் நெட்வொர்க் வயரை மிதித்து இழுத்தாள். கழன்றது.

தட்டினாள். கோடு.

தட்டினாள், கோடு, தட்டினாள், வட்டம், நகல், நகல், நகல். விரலும் கோடும் ஒன்றாக ஓடின. ஒரு தூணின் அடித்தகடு முழுக்க, ஓட்டைகளோடு, அவள் மூச்சு விடுவதற்குள் திரையில் இருந்தது. இதைச் சொல்லும்போது காபி இயந்திரத்தின் மூடிமேல் அவள் இடது கை விரல்கள் தாமாகத் தட்டிக்கொண்டிருந்தன.

“அக்கா, உங்களுக்கு நெட் போயிருச்சா?”

“கால் பட்டுருச்சு.” குனிந்து வயரைச் செருகினாள்.

6

மென்பொருள் ஒவ்வொரு வரைபடத்தைத் திறக்கும்போதும் தானாகப் படிக்கிற ஒரு ஃபோல்டர் உண்டு. தோங்குன் சாப்பாட்டுக்குப் பிறகு பல் தேய்க்கப் போனபோது அதைத் திறந்தாள். அவள் போடாத ஒரு சின்ன ப்ரோகிராம் அங்கே இருந்தது. வரிகளை ஒவ்வொன்றாகப் படித்தாள். அவளுக்கு ப்ரோகிராம் எழுதத் தெரியாது, படிக்கக் கொஞ்சம் தெரியும்.

அவள் ஒரு கட்டளை கொடுத்ததும் அது முதலாளியின் கணினிக்குப் போகிறது. அங்கே அவள் பெயரில் ஒரு ஃபைல். அதை முதலிலிருந்து கடைசிவரை வாசிக்கிறது. கடைசியில் ஒரு வரி சேர்க்கிறது: என்ன கட்டளை, எப்போது. பிறகு அந்த முழு ஃபைலையும் மறுபடி முதலிலிருந்து எழுதுகிறது. அதற்கப்புறம்தான் கோடு வர அனுமதி. கோடு வந்ததும் எவ்வளவு நேரமாயிற்று என்பதையும் குறித்துக்கொள்கிறது.

தப்பான கட்டளையை அது கண்டுகொள்வதில்லை.

அவள் தட்டத் தட்ட ஃபைல் கனத்தது. கனக்கக் கனக்கத் தாமதம். அந்தத் தாமதமும் அவள் எடுத்துக்கொண்ட நேரமாகவே அவள் பெயரில் ஏறியது. யார் மெதுவாக வேலை செய்கிறார்கள் என்று பார்க்க வைத்த பொருள், அதிகம் வேலை செய்தவளை மெதுவாக்கி, மெதுவாக இருக்கிறாள் என்று எழுதி வைத்திருக்கிறது.

தோங்குனின் கணினியிலும் அது இருக்கிறது. ஆனால் அவன் அவ்வளவு தட்டுவதில்லை. அவனே எழுதிய ப்ரோகிராம்கள் ஒரே கட்டளையில் முப்பது ஓட்டையைப் போடும். பதிவில் ஒரே வரி. அவன் ஃபைல் ஒல்லி.

எழுதியது யார் என்பதில் சந்தேகமில்லை. தோங்குன் எதை எழுதினாலும் தலையில் ஒரு விளையாட்டு வரி வைப்பான்: “வேலை செஞ்சா ஒரு காபி.” இதிலும் வைத்திருந்தான்.

இனி எனக்குப் பிரச்சினை. தோங்குனை என்ன செய்வது?

அறியாத தோங்குன்: முதலாளி கேட்டார், எழுதிக் கொடுத்தான். ஃபைல் வீங்கும் என்று யோசிக்கவில்லை. அவனுக்கு அவ்வளவுதான் எழுத வரும்.

அறிந்த தோங்குன்: இன்சுக் எவ்வளவு தட்டுவாள் என்பது பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற அவனுக்குத் தெரியும். தெரிந்தே செய்தான்.

மூன்றாவது ஒருவன் இருக்கிறான். தெரியாமல் எழுதினான். ஒருநாள் அவள் திரையைப் பார்த்துப் புரிந்துகொண்டான். சரிசெய்ய ஒரு வரி போதும். நாளைக்குச் செய்யலாம் என்று விட்டான். தினமும் காலையில் “அக்கா, காபி?” என்று கேட்டான், தினமும் விட்டான்.

எனக்கு இந்த மூன்றாவது ஆளைத்தான் எழுத வருகிறது. அதனாலேயே இவன்மேல் நம்பிக்கை இல்லை. எனக்கு எழுத வருகிறது என்பதற்காக அவன் அப்படி இருந்திருக்க வேண்டுமா?

7

வெள்ளிக்கிழமை மதியச் சாப்பாடு. இதை அவள் சொன்னபடியே வைக்கிறேன்.

“தம்பி, என் மிஷின் ஏன் இப்பிடி ஆச்சுன்னு நினைக்கிற?”

“ரொம்பத் தட்டுறீங்கக்கா.”

“என்னது?”

“நான் ஒண்ணு தட்டுற இடத்துல நீங்க முப்பது தட்டுறீங்க. என் ப்ரோகிராமைப் போட்டுக்கங்கன்னு எத்தன தடவ சொல்லிட்டேன். ஒரு தட்டு, ஓட்டையெல்லாம் வரிசையா வந்து உக்காந்துரும்.”

“போன வருசம் ஒண்ணு தகட்டுக்கு வெளிய போயி உக்காந்துச்சே. காத்துல ஓட்ட போடச் சொல்றியான்னு பட்டறையில கேட்டாங்களே.”

“அதையே எத்தன வருசம் சொல்லுவீங்க?”

“நீ பேரன் எடுக்கற வரைக்கும்.”

சிரித்தான். கிம்ச்சியைக் கத்தரியால் நறுக்கி அவள் பக்கம் பாதி வைத்தான். பிறகு கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டே, “தட்டுறதக் கொறச்சுக்கங்கக்கா. ஒங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்” என்றான்.

இதை நான் எத்தனையோ முறை படித்துவிட்டேன். எச்சரிக்கிறானா? ஒப்புக்கொள்கிறானா? பழைய புலம்பலா? அவள் அந்த இடத்தில் கேட்டிருக்கலாம். “ஃபைலைப் பார்த்துட்டேண்டா” என்றால் போதும். ஏன் கேட்கவில்லை என்று நானே அவளிடம் கேட்டேன்.

“கேட்டா அவன் எதாச்சும் சொல்லுவான்ல,” என்றாள். “சொன்னா நம்பணும். இல்ல நம்பக் கூடாது. ரெண்டுக்கும் எனக்கு தெம்பு இல்ல.”

8

நீங்கள் வரிசையாக வழி சொல்வீர்கள் என்று தெரியும். நானும் எழுதிப் பார்த்தேன்.

முதல் முடிவு: ப்ரோகிராமைத் தூக்கிவிடுகிறாள். கணினி பறக்கிறது. முதலாளியின் கணக்கில் அவள் பெயருக்கு எதிரே வெற்றிடம். “இன்னிக்கு என்னம்மா, ஒண்ணுமே செய்யல?” போய்விடும் நாற்காலி.

இரண்டாவது முடிவு: ஒன்றும் செய்யவில்லை. கணக்கு சொன்னபடி நடக்கிறது. ஐஸ் தண்ணீர்.

மூன்றாவது, நல்லவர்களுக்குப் பிடித்த முடிவு: முதலாளியைக் கூப்பிடுகிறாள், வயரைப் பிடுங்கிக் காட்டுகிறாள், செருகிக் காட்டுகிறாள். “முதலாளி, பாத்தீங்களா, மிஷின்தான்.” அவர் பார்க்கிறார். முகம் மாறுகிறது. பிறகு தோங்குன் பக்கம் திரும்புகி

இதை முடிக்க முடியவில்லை. அவர் திரும்பியதும் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும், உங்களுக்கும் தெரியும். கோணல் ப்ரோகிராம் எழுதி, ஒருவேளை வேண்டுமென்றே எழுதி, தகடு கருகக் காரணமானவன் யார்? நவம்பர் கல்யாணத்துக்கு இவள் இழுப்பறைக்குள் பத்திரிகை இருக்கிறது.

நான்காவது முடிவில் இருவரும் சேர்ந்து முதலாளியை எதிர்க்கிறார்கள். அதை எழுதிவிட்டுக் கிழித்தேன். அந்தச் சூப்புக் கடையில் யாரும் எதுவும் கேட்கவில்லை, ஞாபகம் இருக்கிறதா?

9

ஐந்தாவது முடிவை நான் யோசிக்கவில்லை. அவள் யோசித்தாள்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் காபி இயந்திரத்தருகே வந்தபோது அவள் கோட்டுப் பை ஒரு பக்கம் தொங்கியது. உள்ளேயிருந்து ஒரு போல்டை எடுத்துக் காட்டினாள். காகிதம் பறக்காமலிருக்க அவள் மேசையில் வைக்கிற போல்ட். உள்ளங்கையை நிறைக்கும் கனம்.

“இத என்டர் மேல வச்சா என்ன ஆகும், தெரியுமா?”

“கடைசியாச் செஞ்சதையே செஞ்சுக்கிட்டு இருக்கும்.”

“திரையப் புதுசாக்குற கட்டளன்னு ஒண்ணு இருக்கு. அது எதுவும் கேக்காது. அதத் தட்டிட்டு இத வச்சா ஓடிக்கிட்டே கெடக்கும். ஒவ்வொண்ணும் ஒரு வரி.”

“உன் மிஷின்லயா?”

அவள் என்னைப் பார்த்தாள். மடத்தனமான கேள்வி என்று எனக்கு அப்போதே புரிந்தது.

“அவன் ஃபைல் ஊதிரும்,” என்றேன்.

“ஊதும். கணக்குல என்னவிட மெதுவா ஆயிருவான்.”

“வரைஞ்சது ஒண்ணுமில்லயே, வெறும் புதுப்பிக்கிற கட்டளதான? முதலாளிக்குத் தெரியாதா?”

“அவரு கோடு போட்டுப் பல வருசம் ஆச்சு. கீழ வர்ற கூட்டுத்தொகையத்தான் பாப்பாரு.”

முதலாளி பண்டிகைப் பரிசுப் பெட்டிகளை, டின் மீனும் சமையல் எண்ணெயும் அடுக்கியவை, வாடிக்கையாளர்களுக்குக் கொடுக்கப் போயிருந்தார். திரும்பி வந்ததும் கணக்கைப் பார்த்துச் சொல்வார். மிச்சப் பெட்டிகளை வண்டியில் ஏற்றத் தோங்குன் பின்பக்கம் போயிருந்தான். மேலே யாரும் இல்லை.

“உண்மையச் சொன்னாலும் வெளிய போறது அவந்தான்,” என்றாள். “போல்ட வச்சாலும் அவந்தான். அப்ப என்ன வித்தியாசம்? நீ படிச்சவன்தான, சொல்லு.”

படிப்பைப் பாதியில் விட்டவன் என்று அவளுக்குத் தெரியும். கிண்டலுக்குச் சொன்னாளா என்று தெரியவில்லை. வித்தியாசம் இருக்கிறது என்று எனக்குத் தோன்றியது. என்ன என்று சொல்ல வாயில் வரவில்லை. இப்போதும் வரவில்லை. அதற்காகத்தான் இதை எழுத உட்கார்ந்தேன், எழுதியும் வரவில்லை.

“சும்மா இருந்தா?” என்று கேட்டேன்.

“சும்மா இருந்தா நான்.”

காபியை ஒரே மடக்கில் குடித்தாள். கோப்பையை நசுக்கி இயந்திரத்தின் மேல் வைத்தாள். போல்ட் அவள் கையிலேயே இருந்தது. பைக்குள் போடவில்லை. கீழே பின்வாசலில் தோங்குனின் குரல் கேட்டது. யாரிடமோ, “பாத்து, பாத்து, எண்ணெய் இருக்கு” என்று சொல்லிக்கொண்டிருந்தான்.

அவள் படியேறினாள்.

அடுத்த மாதம் நான் இரவு வேலையை விட்டேன், படிப்பை விட்ட மாதிரியே, யாரிடமும் சொல்லாமல். சாசாங் இங்கிருந்து ரயிலில் கொஞ்ச தூரம்தான். போய் மூன்றாம் மாடியில் எட்டிப் பார்த்தால் எந்த நாற்காலி இருக்கிறது என்று தெரிந்துவிடும். போகவில்லை. தெரிந்துவிட்டால் அது அவள் என்ன செய்தாள் என்பதையும் சொல்லிவிட்டதாக நினைத்துக்கொள்வேன். சொல்லாது. முதலாளி கணக்கைப் பார்க்காமலே முடிவு செய்திருக்கலாம். ஆகவே இதற்கு மேல் எழுத என்னிடம் எதுவும் இல்லை, ஒரு சத்தத்தைத் தவிர. மிச்சத்தை நீங்கள் போட்டுக்கொள்ளுங்கள். எதைப் போட்டாலும், போட்டது நீங்கள் என்பதை மறக்காதீர்கள்.

அந்தச் சத்தம் இது.

மூன்றாம் மாடிக் கதவு பகலெல்லாம் திறந்தே கிடக்கும். கழிப்பறை வெளியே இருப்பதால், எண் தட்டித் திறக்கும் மின்பூட்டு தானாக விழாமலிருக்க அடியில் ஒரு மரத்துண்டைச் செருகி வைத்திருப்பார்கள். நான் அங்கே வேலை செய்த நாட்களில், உள்ளே ஆள் இருக்கும்போது யாரும் அதை எடுத்து ஒருநாளும் பார்த்ததில்லை.

வெள்ளிக்கிழமை சாயங்காலம், மூன்றாம் மாடியில் இருந்தவர்கள்:

தாக் இன்சுக்.

படிக்கட்டில் நின்று மேலே பார்த்தேன். அவள் வாசலில் நின்றாள். குனியவில்லை. செருப்பு முனையால் மரத்துண்டை உதைத்தாள். அது படியில் உருண்டு என் காலடிவரை வந்து விழுந்தது. அவள் உள்ளே போனாள். கதவு அவளுக்குப் பின்னால் மெதுவாக வந்து சாத்திக்கொண்டது. எண்பூட்டு தன் சின்ன ராகத்தை ஒருமுறை பாடிவிட்டு, பூட்டிக்கொண்டது.